வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ ஜீப்புகளின் 6 வோல்ட் ஒயரிங்கை அசல்படி மீட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப்பை எடுத்து வேலை பார்ப்பவர்கள் எஞ்சினிலும் பாடியிலும் காட்டும் பொறுமையை ஒயரிங்கில் காட்டுவதில்லை. "6 வோல்ட் சரிப்படாது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, நன்றாக இருந்த டைனமோவைக் கழற்றி வீசிவிடுகிறார்கள். திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். பதில்கள் 1941 முதல் 1945 வரை வந்த வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ இரண்டுக்கும் பொருந்தும். இரண்டும் சேர்ந்து சுமார் 6,40,000 வண்டிகள் வெளிவந்தன. மின்சாதனங்களில் பெரும்பாலானவை ஆட்டோ-லைட் நிறுவனத்தின் தயாரிப்பு.

1. என் ஜீப் 6 வோல்ட்டா, 12-ஆ, 24-ஆ? எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

எம்பியும் ஜிபிடபிள்யூவும் தொழிற்சாலையிலிருந்து 6 வோல்ட்டாகத்தான் வந்தன. 1950-இல் வந்த எம்38-தான் 24 வோல்ட். அதில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள், தண்ணீர் புகாத கனெக்டர்கள், எண் பொறித்த உலோக வில்லை கட்டிய ஒயர்கள் இருக்கும். அந்த வண்டிக்கு இந்தப் பக்கத்திலுள்ள அளவுகள் எதுவும் பொருந்தாது.

இப்போது வண்டியில் இருக்கும் பேட்டரியை வைத்து முடிவு செய்யாதீர்கள். செல்ஃப் மோட்டாரின் தகட்டில் எம்இசட்-4113 என்றும், டைனமோ தகட்டில் ஜிஇஜி என்று தொடங்கும் எண்ணும் இருந்தால் அவை 6 வோல்ட் அசல் பாகங்கள். தகடு இல்லையென்றால் ஒவ்வொரு பல்பின் அடியிலும் உள்ள எழுத்தைப் படியுங்கள். இந்தியாவில் கிடைக்கும் வண்டிகளில் பிற்கால மஹிந்திரா ஜீப்பின் 12 வோல்ட் பாகங்கள் கலந்திருப்பது சகஜம். ஒரே வண்டியில் 12 வோல்ட் இக்னிஷன் காயிலும் 6 வோல்ட் பெட்ரோல் கேஜும் சேர்ந்து கிடக்கலாம். பாகம் பாகமாகப் பார்த்துப் பட்டியல் எழுதிக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

2. 6 வோல்ட்டில் குளிர்ந்த எஞ்சின் கிளம்பவே கிளம்பாதாமே? பேசாமல் 12-க்கு மாற்றிவிடலாமா?

கிளம்பும். போர்க்காலத்தில் பனியிலும் பாலைவனத்திலும் 6 வோல்ட்டிலேயே கிளம்பியது. அதே வாட் சக்திக்கு 6 வோல்ட்டில் இரண்டு மடங்கு ஆம்பியர் ஓட வேண்டும் என்பதுதான் ஒரே வேறுபாடு. அதனால் துருப்பிடித்த எர்த் (மின்சாரம் ஃபிரேம் வழியே பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு), மெல்லிய கேபிள், தளர்ந்த லக் (கேபிள் நுனியின் உலோக முனை) எதையும் 6 வோல்ட் பொறுத்துக்கொள்ளாது. 12 வோல்ட் வண்டியில் கால் வோல்ட் எங்கேயோ தொலைந்தால் யாருக்கும் தெரியாது. இங்கே அதே கால் வோல்ட் கண்ணுக்குத் தெரியும்.

12-க்கு மாற்றினால் அந்தக் குறை மறைகிறதே தவிர தீர்வதில்லை. செல்ஃப் மோட்டார் 12 வோல்ட்டில் சுற்றும். ஆனால் அதன் நுனியிலுள்ள பென்டிக்ஸ் பல்சக்கரம் ஃபிளைவீல் பல்லில் முரட்டுத்தனமாகப் போய் இடிக்கும். பென்டிக்ஸ் ஸ்பிரிங் உடைவதும் ரிங் கியர் பல் சிதைவதும் அதனால்தான். காயில், கேஜ், ஹாரன், எல்லா பல்புகள், டைனமோ, அதைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் என அத்தனையும் மாற்ற வேண்டும். அசலாக மீட்க நினைப்பவருக்கு இது எதிர்த்திசைப் பயணம். 8 வோல்ட் பேட்டரி போடச் சொல்பவர்களும் உண்டு. அதையும் செய்யாதீர்கள்: பல்புகள் சீக்கிரம் போகும், ரெகுலேட்டரையும் ஏற்றி வைக்க வேண்டிவரும்.

3. எந்த பேட்டரி வாங்குவது? எர்த் எந்தப் பக்கம்?

நெகட்டிவ் எர்த். இதில் குழப்பமே வேண்டாம். அந்தக் கால பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் எர்த் இருந்ததால், பழைய வண்டி என்றாலே அப்படித்தான் என்று நினைத்து மாற்றிக் கொடுக்கும் எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். ஜீப்பில் நெகட்டிவ் முனைதான் ஃபிரேமுக்குப் போகிறது.

அசல் பேட்டரி 3 செல், செல்லுக்கு 15 தகடு, 116 ஆம்பியர்-அவர். டிராக்டர் வகை 6 வோல்ட் பேட்டரிகளில் இதற்கு நெருக்கமானது கிடைக்கும். 100 ஆம்பியர்-அவருக்குக் குறையாமல் வாங்குங்கள். பேட்டரித் தட்டை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். உயரம் கூடினால் பானட் முட்டும். முழு சார்ஜில், ஓய்வில் 6.3 முதல் 6.4 வோல்ட் காட்ட வேண்டும். ஹைட்ரோமீட்டரில் 1.260 முதல் 1.280. 1.225-க்குக் கீழே இறங்கினால் வெளியே கழற்றி, 6 வோல்ட்டுக்கு வைத்த சார்ஜரில் போடுங்கள்.

4. புது பேட்டரி போட்டும் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. மோட்டாரை ரீவைண்டிங் கொடுக்கலாமா?

அவசரப்படாதீர்கள். மோட்டாரைக் கழற்றும் முன் மல்டிமீட்டரை 2 வோல்ட் அளவில் வைத்து வோல்ட் இழப்பை அளந்து பாருங்கள். காயிலின் மெல்லிய ஒயரைக் கழற்றிவிட்டால் எஞ்சின் கிளம்பாது. ஒருவர் காலால் செல்ஃப் சுவிட்சை மிதிக்கட்டும். இந்த ஜீப்பில் சோலனாய்டு (மின்காந்த சுவிட்ச்) கிடையாது. தரையில் கால் மிதியாக உள்ள சுவிட்ச் நேராக கேபிளை இணைக்கிறது. மிதித்திருக்கும்போதே நான்கு இடங்களில் அளக்க வேண்டும்: பேட்டரி பாசிட்டிவ் முனைக்கும் சுவிட்சின் முதல் போல்ட்டுக்கும் இடையே, சுவிட்சின் இரண்டு போல்ட்டுகளுக்கு இடையே, சுவிட்சுக்கும் மோட்டார் முனைக்கும் இடையே, மோட்டார் உடலுக்கும் பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் இடையே. மீட்டர் முள்ளை லக்கின் மேல் வைக்காமல் பேட்டரியின் ஈயக் குமிழிலேயே வையுங்கள். லக்குக்கும் குமிழுக்கும் நடுவில் இருக்கும் கோளாறு அப்போதுதான் தெரியும்.

ஒவ்வொரு இடத்திலும் 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். நான்காவது அளவில் 0.5, 0.8 என்று வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் குறை அங்கேதான் இருக்கிறது. எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினிலிருந்து ஃபிரேமுக்குப் போகும் பின்னல் எர்த் பட்டை இல்லையென்றால் மின்சாரம் திரும்பி வர வழியே இல்லை. புது பெயிண்ட் அடித்த ஃபிரேமில் பட்டையைப் பெயிண்ட் மேலேயே முடுக்கியிருப்பார்கள். போல்ட் உட்காரும் வட்டத்தை மட்டும் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்கி, அதன்பின் மேலே வாசலின் தடவுங்கள்.

கேபிள் தடிமனும் முக்கியம். கடையில் ரெடிமேடாகத் தொங்கும் 12 வோல்ட் கேபிள் சுமார் 16 சதுர மி.மீ. இருக்கும். ஒன்றரை மீட்டர் நீளத்தில் 300 ஆம்பியர் ஓடினால் அதிலேயே அரை வோல்ட் போய்விடும். 50 சதுர மி.மீ. கேபிளில் அதே இழப்பு 0.16 வோல்ட்தான். 50 அல்லது 70 சதுர மி.மீ. வெல்டிங் கேபிள் வாங்கி, கனமான செம்பு லக்கில் ஈயம் ஊற்றிப் பற்றவைத்து, மேலே கறுப்புத் துணிப் பின்னல் மாட்டினால் அசல் தோற்றமும் வந்துவிடும்.

இத்தனையும் சரியாக இருந்து, சுற்றும்போது மோட்டார் முனையில் 5 வோல்ட்டுக்கு மேல் கிடைத்தும் சோம்பினால், அப்போது மோட்டாரைக் கழற்றுங்கள். அதிலும் முதலில் பார்க்க வேண்டியது கார்பன் பிரஷ்ஷும் புஷ்ஷும். புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் (உள்ளே சுழலும் பகுதி) ஃபீல்ட் இரும்பில் உரசிய தடம் இருந்தால் ரீவைண்டிங் வேண்டாம், புஷ் மாற்றினால் போதும்.

5. பழைய ஒயரிங் முழுக்கத் துணி சுற்றியிருக்கிறது. சாதாரண பிவிசி ஒயரை இழுத்துவிடலாமா?

ஓட்டத்துக்கு ஒன்றும் கெடாது. ஆனால் பானட்டைத் திறந்த உடனே தெரியும். அசல் ஒயர் ரப்பர் உறை மேல் பருத்தி நூல் பின்னி, வார்னிஷ் பூசியது. ஒவ்வொன்றுக்கும் அடிநிறமும் குறுக்கே ஓடும் அடையாள நூலின் நிறமும் உண்டு. அந்த ரப்பர் எண்பது வருடத்தில் பிஸ்கட் மாதிரி ஆகிவிட்டது. விரலால் வளைத்தால் துணிக்குள் நொறுங்கும் சத்தம் கேட்கும். வெளியே துணி முழுசாகத் தெரிவதை நம்பி மின்சாரம் கொடுக்காதீர்கள்.

நல்ல வழி, உள்ளே பிவிசியும் வெளியே வார்னிஷ் பூசிய பருத்திப் பின்னலும் கொண்ட மறு உற்பத்தி ஹார்னஸ் (வண்டியின் ஒயர்கள் எல்லாம் சேர்ந்த கட்டு). வாங்கும்போது மூன்றைக் கேளுங்கள்: அடையாள நூல் பின்னலிலேயே நெய்யப்பட்டதா, அச்சடித்ததா, லக்குகள் ஈயம் பற்றவைத்தவையா, வெறும் நசுக்கலா, உங்கள் வண்டியின் தயாரிப்பு மாதத்துக்குரிய வடிவமா. மூன்றாவதை நிறையப் பேர் கேட்பதில்லை. இடது ஃபெண்டரில் நிற்கும் பிளாக்அவுட் (எதிரிக்குத் தெரியாதபடி மங்கலாக எரியும்) டிரைவ் விளக்கு ஆரம்ப வண்டிகளில் இல்லை. சாவி போட்ட இக்னிஷன் சுவிட்சும் ஆரம்பத்தில் இருந்தது. பிறகு சாவியில்லாத நெம்பு சுவிட்ச் வந்தது. பிந்தைய ஹார்னஸை முந்தைய வண்டியில் போட்டால் இரண்டு ஒயர் சும்மா தொங்கும்.

6. புது ஹார்னஸ் வந்துவிட்டது. எந்த வரிசையில் மாட்டுவது?

பழையதைக் கழற்றும் முன் ஒவ்வொரு முனையிலும் துணி நாடா ஒட்டி எண் எழுதுங்கள். கிளிப் இருந்த ஓட்டைகளையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய ஹார்னஸைப் புதியதற்குப் பக்கத்தில் தரையில் நீட்டி, கிளைகளின் நீளம் ஒத்துப்போகிறதா பாருங்கள். அமெரிக்க ராணுவத்தின் 1944 கையேடான டிஎம் 9-803-இல் முழு ஒயரிங் வரைபடம் இருக்கிறது. அதைப் பெரிதாக அச்செடுத்துச் சுவரில் மாட்டி, முடித்த ஒயரை ஒவ்வொன்றாக வண்ணப் பென்சிலால் அடித்துக்கொண்டே வாருங்கள்.

டேஷ்போர்டு பக்கத்தை முதலில் முடிக்க வேண்டும். ஸ்டியரிங் இருக்கும்போது லைட் சுவிட்சின் பின்பக்கம் கை நுழைவது கஷ்டம். பிறகு எஞ்சின் அறை, கடைசியாக ஃபிரேம் வழியே பின்விளக்கு. தகட்டுத் துவாரம் ஒவ்வொன்றிலும் ரப்பர் குரோமெட் போட்ட பிறகே ஒயரை நுழையுங்கள். பேட்டரியை இணைக்கும் முன், நெகட்டிவ் முனைக்கும் கேபிளுக்கும் நடுவே 6 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றைத் தொடராக இணையுங்கள். எல்லா சுவிட்சும் அணைந்திருக்கும்போது பல்பு எரியக் கூடாது. எரிந்தால் எங்கோ ஷார்ட்; புது ஹார்னஸ் புகையாமல் தப்பியது. பெட்ரோல் டேங்க் ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது. சால்டரிங் வேலை முழுவதையும் மேசையில் முடித்துவிட்டு வண்டிக்கு வாருங்கள்.

7. வருடக்கணக்காகச் சும்மா கிடந்த டைனமோ. கழற்றாமலே சோதிக்க முடியுமா?

முடியும். பெல்ட்டைக் கழற்றுங்கள். டைனமோவின் ஆர்மேச்சர் முனைக்கு பேட்டரி பாசிட்டிவ், ஃபீல்ட் முனையை உடலோடு சேர்த்து எர்த். நல்ல டைனமோ மோட்டாராக மாறி, ஓடவேண்டிய திசையிலேயே மெதுவாக, சீராகச் சுற்றும். சுற்றாமல் உறுமினாலோ, கையால் தள்ளிவிட்டால் மட்டும் சுற்றினாலோ கம்யூட்டேட்டரில் (கார்பன் உரசும் செம்பு வளையத்தில்) அழுக்கு அல்லது கார்பன் ஒட்டிக்கொண்டது என்று பொருள். சோதனைக்கு முன் ரெகுலேட்டருக்குப் போகும் ஒயர்களைக் கழற்ற மறக்காதீர்கள்.

கம்யூட்டேட்டரைத் துடைக்க மெல்லிய உப்புத்தாள் மட்டுமே. எமரி தாள் கூடவே கூடாது. எமரித் துகள் மின்சாரம் கடத்தும். செம்புக் கட்டைகளின் இடுக்கில் தங்கி ஷார்ட் செய்யும். கட்டைகளுக்கு நடுவிலுள்ள மைக்கா, செம்புக்குச் சமமாக ஏறியிருந்தால் ஹாக்சா பிளேடைத் தேய்த்து மெல்லியதாக்கி 0.8 மி.மீ. ஆழத்துக்கு இழுத்துவிடுங்கள். பெல்ட்டை நடுவில் அழுத்தினால் சுமார் 25 மி.மீ. உள்வாங்க வேண்டும். டைனமோ தாங்கியில் இழுகைப்பிடி இருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். ஆற்றைக் கடக்கும்போது விசிறி தண்ணீரை வாரி அடிக்காதிருக்க, பெல்ட்டைச் சட்டென்று தளர்த்த வைத்த ஏற்பாடு அது.

8. "டைனமோவைப் போலரைஸ் செய்தாயா?" என்று கேட்கிறார்கள். அப்படியென்றால் என்ன?

டைனமோவின் ஃபீல்ட் இரும்பில் தங்கியிருக்கும் சிறிதளவு காந்தமே அது மின்சாரம் தயாரிக்கத் தொடக்கம் கொடுக்கிறது. கழற்றி மாட்டும்போதோ, 7-ஆம் கேள்வியில் சொன்ன சோதனையில் ஒயர் மாறிப்போனாலோ அந்தக் காந்தத்தின் திசை திரும்பிவிடலாம். அப்படியே ஓட்டினால் டைனமோ தலைகீழ் துருவத்தில் மின்சாரம் தரும். ரெகுலேட்டருக்குள் டைனமோவை பேட்டரியோடு இணைக்கும் கட்அவுட்டின் முள் படபடவென்று அடித்து, உருகி ஒட்டிக்கொள்ளும்.

எல்லா ஒயரும் மாட்டி முடித்த பின், எஞ்சினைக் கிளப்பும் முன், ரெகுலேட்டரின் பேட்டரி முனையையும் ஆர்மேச்சர் முனையையும் ஒரு துண்டு ஒயரால் ஒரு கணம் தொட்டு எடுங்கள். சிறு பொறி வரும். அவ்வளவுதான். தொட்டபடி பிடித்திருக்காதீர்கள். ஃபீல்ட் முனையில் பேட்டரி கொடுக்கும் முறை வேறு வகை டைனமோவுக்கு உரியது. அதை இங்கே செய்தால் ரெகுலேட்டர் முள் கருகும்.

9. அம்மீட்டர் பிளஸ் பக்கமே வரவில்லை. டைனமோ போச்சா, ரெகுலேட்டர் போச்சா?

எஞ்சினை வேகமான ஐடிலில் ஓடவிடுங்கள். டைனமோவின் ஃபீல்ட் முனையிலிருந்து ரெகுலேட்டருக்குப் போகும் ஒயரைக் கழற்றி, அந்த முனையைச் சில விநாடி மட்டும் எர்த் செய்யுங்கள். அம்மீட்டர் சட்டென்று பிளஸ் பக்கம் ஏறினால் டைனமோ நன்றாக இருக்கிறது. குறை ரெகுலேட்டரிலோ அதன் எர்த்திலோ. ஏறவே இல்லையென்றால் 7-ஆம் கேள்விக்குத் திரும்புங்கள். எர்த் செய்தபடி வேகத்தைக் கூட்டாதீர்கள். கட்டுப்பாடு இல்லாத டைனமோ தன்னையே எரித்துக்கொள்ளும்.

ரெகுலேட்டர் மாற்றுவதற்கு முன் அதன் அடித்தகட்டைப் பாருங்கள். பெயிண்ட் அடித்த ஃபெண்டரில் மாட்டியிருந்தால் எர்த் கிடைக்காது. எர்த் இல்லாத ரெகுலேட்டர் புதிதாக இருந்தாலும் சார்ஜ் ஏற்றாது. புது ரெகுலேட்டர் வாங்கிப் போட்டும் சார்ஜ் வரவில்லை என்று வருபவர்களில் பலருக்குத் தேவைப்பட்டது ஒரு துண்டு உப்புத்தாள்தான்.

10. ரெகுலேட்டர் மூடியைத் திறந்து ஸ்பிரிங்கை வளைத்து சார்ஜ் கூட்டலாமா?

முதலில் உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று ரிலே இருக்கும். கட்அவுட், டைனமோ சுமார் 6.5 வோல்ட் தொட்டதும் பேட்டரியோடு இணைக்கும். எஞ்சின் நின்றால் பிரிக்கும். வோல்ட் ரெகுலேட்டர் 7.2 முதல் 7.4 வோல்ட்டில் நிறுத்தும். மூன்றாவது, டைனமோவை 40 ஆம்பியருக்கு மேல் போகவிடாது. நம் ஊர் ஒர்க்‌ஷாப்பில் மொத்தப் பெட்டியையும் 'கட்அவுட்' என்றே சொல்வதால் குழப்பம் வருகிறது.

வெதுவெதுப்பாகும் வரை, குறைந்தது 15 நிமிடம் ஓடிய பிறகு, மூடி போட்ட நிலையில் பேட்டரி முனையில் அளங்கள். 7.2-க்கும் 7.4-க்கும் நடுவில் இருந்தால் கைவைக்காதீர்கள். 7.6-ஐத் தாண்டினால் பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும். சரிசெய்யத்தான் வேண்டுமென்றால் ஸ்பிரிங் கொக்கியை இம்மியளவு வளைத்து, மூடியைப் போட்டு, திரும்ப அளக்க வேண்டும். மூடியில்லாமல் அளந்த கணக்கு பொய். முள்ளைச் சுத்தம் செய்ய மெல்லிய அரத்தகடு, பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த நூல் உதிராத துணி. ஃபீல்ட் முனையில் கண்டென்சர் மாட்டிவிடாதீர்கள். முள் சில நாளில் கருகும். பழைய மூடிக்குள் எலக்ட்ரானிக் சர்க்யூட் வைத்த ரெகுலேட்டர்களும் கிடைக்கின்றன. தினமும் ஓட்டும் வண்டிக்கு அதைக் குறை சொல்ல மாட்டோம். மீட்புப் பதிவேட்டில் மட்டும் எழுதி வையுங்கள்.

11. ஃபியூஸ் பெட்டியே காணோமே, எங்கே இருக்கிறது?

தனிப் பெட்டி கிடையாது. லைட் சுவிட்சின் பின்புறம் 30 ஆம்பியர் வெப்ப சர்க்யூட் பிரேக்கர் இருக்கிறது. ஷார்ட் ஆனால் சூடாகித் திறக்கும், ஆறியதும் தானாக மூடும். விளக்குகள் விட்டுவிட்டு எரிந்தால் பல்பைத் திட்டாதீர்கள், பிரேக்கர் வேலை செய்கிறது. ஷார்ட்டைத் தேடுங்கள், டிரெய்லர் சாக்கெட்டில் தொடங்கலாம். மழைத்தண்ணீர் தங்கிப் பச்சை பூத்த முனைகள் அங்கே அதிகம்.

பேட்டரியிலிருந்து அம்மீட்டர் வரை வரும் ஒயருக்கு அசலில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. செல்ஃப் சுவிட்சின் போல்ட்டிலிருந்து கிளம்பும் இடத்தில், கண்ணுக்குத் தெரியாமல், 50 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைத் தொடராக வைப்பதை நாங்கள் ஆதரிக்கிறோம். அசல் தோற்றம் கெடாது, வண்டி தப்பும். 30 ஆம்பியர் வைக்காதீர்கள். டைனமோ 40 வரை அனுப்பும் வழி இதுதான்.

12. பகலில் பிரேக் மிதித்தால் பின்னால் சிவப்பு எரியவில்லை. சுவிட்சும் பல்பும் நன்றாகத்தான் இருக்கின்றன.

லைட் சுவிட்ச் எந்த நிலையில் இருக்கிறது? இது சாதாரண சுவிட்ச் இல்லை. முழுக்க உள்ளே தள்ளினால் எல்லாம் அணைந்திருக்கும்; பிரேக் விளக்கும் சேர்த்துத்தான். முதல் இழுப்பில் பிளாக்அவுட் விளக்குகள் மட்டும். அதற்குமேல் வெளிச்சம் தவறி வந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு பூட்டு இருக்கிறது. இடப்பக்கத்துப் பொத்தானை அழுத்திக்கொண்டே இழுத்தால் இரண்டாம் நிலை, வழக்கமான ஹெட்லைட். கடைசி நிலையில் பகல் ஓட்டத்துக்கான பிரேக் விளக்கு மட்டும் உயிர்பெறும். ஆக பகலில் ஓட்டும்போது குமிழைக் கடைசிவரை இழுத்துவிடுங்கள்.

அப்படியும் எரியவில்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிரஷர் சுவிட்சின் இரண்டு ஒயரையும் ஒன்றாகத் தொட்டுப் பாருங்கள். எரிந்தால் சுவிட்ச் போய்விட்டது.

13. இடது பின்விளக்கும் வலதும் ஒரே மாதிரி எரியவில்லை. தப்பாக மாட்டிவிட்டோமா?

இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். இடது விளக்கின் மேல் பகுதி வழக்கமான சிவப்பும் பிரேக்கும். கீழ்ப்பகுதி பிளாக்அவுட் பின்விளக்கு. வலது விளக்கில் மேலே பிளாக்அவுட் பிரேக், கீழே பிளாக்அவுட் பின்விளக்கு. வழக்கமான சிவப்பு வெளிச்சம் இடப்பக்கம் மட்டும்தான். இன்றைய சாலையில் இரவு ஓட்டம் உண்டென்றால் வலப்பக்கத்திலும் சிவப்பு வெளிச்சம் தேவை. வலது மேல் பகுதிக்குள் இடதுக்குரிய யூனிட்டைப் போட்டு ஒயரை இணைத்துக்கொள்ளலாம். பிறகு திரும்பக் கழற்றிவிட முடியும்.

14. ஹெட்லைட் மெழுகுவர்த்தி மாதிரி எரிகிறது. 6 வோல்ட் என்றால் இவ்வளவுதானா?

6 வோல்ட் சீல்டு பீம் (கண்ணாடியும் இழையும் ஒன்றாக மூடிய விளக்கு) 45/35 வாட். இரண்டும் சேர்ந்து ஹை பீமில் 14 ஆம்பியர் இழுக்கும். 2 சதுர மி.மீ. ஒயரில் 5 மீட்டர் போனால் இழப்பு கிட்டத்தட்ட 0.6 வோல்ட், அதாவது பத்தில் ஒரு பங்கு. வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும். இதில் சுவிட்ச், காலடி டிம்மர், ஃபெண்டர் உட்புற இணைப்புக் கட்டை, எர்த் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றால் மெழுகுவர்த்திதான் மிஞ்சும். விளக்கின் முனையில் 6 வோல்ட்டுக்குக் குறையாமல் வரும்வரை 4-ஆம் கேள்வியின் முறையிலேயே ஒவ்வொரு இணைப்பாக அளந்து வாருங்கள்.

இந்த ஜீப்பின் ஹெட்லைட்டுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. இரவில் எஞ்சின் பார்க்க வசதியாக, பட்டாம்பூச்சி நட்டைத் தளர்த்தி விளக்கைப் பின்னால் திருப்பலாம். அந்தக் கீல் இருப்பதாலேயே விளக்கு எர்த்தைக் கீல் வழியாகத்தான் பெறுகிறது. பெயிண்டும் துருவும் அங்கே சேர்ந்தால் விளக்கு மினுக்கும். விளக்குக் கூட்டின் உள்ளிருந்து கிரில்லுக்குத் தனி எர்த் ஒயர் இழுத்துவிடுங்கள். திருப்பும்போது இழுபடாதபடி ஒயரில் ஒரு சிறு சுருள் விட்டுக் கட்டுங்கள்.

15. இக்னிஷனுக்கு என்னென்ன அளவு? காயில் எப்படி மாட்டுவது?

பாயிண்ட் இடைவெளி 0.020 அங்குலம் (0.5 மி.மீ.), பிளக் இடைவெளி 0.030 அங்குலம் (0.76 மி.மீ.), பற்றும் வரிசை 1-3-4-2, டைமிங் பிஸ்டன் மேல்முனைக்கு வர 5 டிகிரி முன்னால். காயிலின் மைனஸ் முனை டிஸ்ட்ரிபியூட்டருக்கு. மாற்றி மாட்டினாலும் எஞ்சின் ஓடும், ஆனால் பிளக்கில் பொறிக்கு அதிக வோல்ட் தேவைப்பட்டு, மேட்டில் இழுக்கும்போது திணறும். எஞ்சின் நின்றபின் இக்னிஷனை ஆனிலேயே விட்டுவிட்டால் காயிலும் பாயிண்டும் சூடாகிக் கெடும்.

16. பானட்டில் எண்ணுக்குப் பின்னால் 'எஸ்' என்று எழுதியிருக்கிறது. அதற்கும் ஒயரிங்குக்கும் சம்பந்தம் உண்டா?

நேரடிச் சம்பந்தம் உண்டு. வண்டியின் பொறிகள் ரேடியோவில் இரைச்சல் எழுப்பாதபடி அடக்கப்பட்டிருக்கிறது என்பதன் அடையாளம் அது. அந்த எழுத்தைப் பெயிண்டில் எழுதினால் அதற்குரிய பாகங்களும் இருக்க வேண்டும்: பிளக் ஒயர்களிலும் காயில் ஒயரிலும் சப்ரஸர் ரெசிஸ்டர்கள், டைனமோ, ரெகுலேட்டர், இக்னிஷன் வழிகளில் ஃபில்டர் கண்டென்சர்கள், எஞ்சின், பானட், ஃபெண்டர், ஃபிரேம் இவற்றை ஒன்றோடொன்று கட்டும் வெள்ளீயம் பூசிய செம்புப் பின்னல் பட்டைகள். பட்டைகளின் போல்ட்டுகளில் உள்ளும் புறமும் பல் உள்ள வாஷர்கள். அவை பெயிண்டைக் கீறி உலோகத்தைப் பிடிக்கத்தான். மீட்பில் முதலில் தொலைவதும் இவைதான், மாட்டினால் வண்டியின் எர்த் முழுவதையும் ஒரேயடியாக நேராக்குவதும் இவைதான்.

பழைய ஃபில்டர்களின் உள்ளே இருக்கும் காகிதக் கண்டென்சர் ஒழுகியிருக்கும். ஒரு முனையைக் கழற்றி மெகா ஓம் அளவில் சோதியுங்கள். கசிந்தால் உள்ளிருப்பதை எடுத்துவிட்டு, வெறும் கூட்டை மட்டும் மாட்டி வையுங்கள்.

17. வளைவில் திரும்பும்போது ஹாரன் தானாக அடிக்கிறது.

ஹாரனுக்கு மின்சாரம் எப்போதும் வந்துகொண்டிருக்கும். பொத்தான் எர்த் கொடுப்பதுதான் வேலை. அந்த ஒற்றை ஒயர் ஸ்டியரிங் குழாய்க்குள் போகிறது. உறை கிழிந்து குழாயைத் தொட்டால் ஹாரன் அடிக்கும். ஒயரை மட்டும் மாற்றுங்கள். புதியதைப் பழையதன் நுனியில் கட்டி இழுத்தால் சுலபமாக ஏறிவிடும்.

18. ஐடிலில் ஹெட்லைட் போட்டால் அம்மீட்டர் மைனஸில் நிற்கிறது. கோளாறா?

இல்லை. டைனமோ ஐடிலில் கட்அவுட்டை மூடும் அளவுக்குக்கூடத் தயாரிக்காது. ஹெட்லைட்டின் 14, பின்விளக்கு, இக்னிஷன் எல்லாம் சேர்ந்து 18 ஆம்பியர் வரை பேட்டரியிலிருந்து போகும். சாலையில் ஓடும் வேகத்தில் முள் பிளஸ் பக்கம் வந்தால் போதும். அங்கேயும் வராவிட்டால்தான் 9-ஆம் கேள்வி. செல்ஃப் போடும்போது அம்மீட்டர் அசையாததைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். அந்த மின்சாரம் அம்மீட்டர் வழியே போவதில்லை.

19. பெட்ரோல் கேஜ் ஏறுமாறாகக் காட்டுகிறது. மற்ற மீட்டர்களையும் சோதிக்க வேண்டுமா?

மின்சாரத்தில் வேலை செய்பவை அம்மீட்டரும் பெட்ரோல் கேஜும் மட்டும்தான். ஆயில் பிரஷர், வெப்பம், வேகமானி மூன்றும் இயந்திர வகை. கேஜைக் கழற்றும் முன் டேங்கிலிருந்து ஃபிரேமுக்குத் தற்காலிகமாக ஓர் ஒயர் கொடுத்துப் பாருங்கள். உள்ளும் புறமும் புதுப் பெயிண்ட் அடித்த டேங்க் எர்த்தை இழந்திருக்கும். 12 வோல்ட்டுக்கு மாற்றியிருந்த வண்டியென்றால் கேஜ் ஏற்கெனவே கருகியிருக்க வாய்ப்பு அதிகம்.

20. எனக்கு முன் வைத்திருந்தவர் 12 வோல்ட்டுக்கு மாற்றிவிட்டார். திரும்ப 6-க்குக் கொண்டுவர எதிலிருந்து தொடங்குவது?

1-ஆம் கேள்வியில் சொன்ன பட்டியலிலிருந்து. செல்ஃப் மோட்டார் பெரும்பாலும் அசலாகவே இருக்கும். பென்டிக்ஸ் ஸ்பிரிங்கையும் ரிங் கியர் பற்களையும் பாருங்கள். 12 வோல்ட்டில் ஓடிய அடையாளம் அங்கேதான் இருக்கும். பல் ஒரே இடத்தில் தேய்ந்திருந்தால் எஞ்சின் இறங்கும்போது ரிங்கைச் சூடாக்கித் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். பிறகு கனமான கேபிள்கள், எர்த் பட்டைகள், அதன்பின் டைனமோ, ரெகுலேட்டர், காயில், கண்டென்சர், கடைசியாக பல்புகள். கேபிளை மாற்றாமல் பேட்டரியை மட்டும் 6-க்கு மாற்றிப் பார்த்துவிட்டு "செல்ஃப் இழுக்கவில்லை" என்று பின்வாங்குபவர்கள் பலர்.

காயிலுக்கு முன்னால் ஒரு பீங்கான் ரெசிஸ்டர் சேர்த்திருப்பார்கள். 6 வோல்ட்டுக்கு வந்ததும் அதை நீக்க வேண்டும். அதை மறந்துவிட்டால் பொறி நீலமாக வராமல் மஞ்சளாக, மெல்லியதாக வரும்.

21. பழைய அசல் ஹார்னஸ் முழுசாகக் கிடைத்திருக்கிறது. அதையே வண்டியில் வைக்க ஆசை. வழி உண்டா?

மின்சாரம் பாய்ச்ச வேண்டாம்; 5-ஆம் கேள்வியில் சொன்ன காரணம் போதும். ஆனால் தூக்கிப்போடவும் வேண்டாம். மறு உற்பத்தியாளர்களுக்கே சந்தேகம் வரும் நிறங்களும் நீளங்களும் அதில்தான் இருக்கின்றன. கிளைக்குக் கிளை நீளம், அடிநிறம், அடையாள நூல், லக்கின் வடிவம் எல்லாம் எழுதிப் படமெடுத்து, அமிலமில்லாத தாளில் சுற்றி, மடிக்காமல் வட்டமாகச் சுருட்டி வையுங்கள். வெளியே தெரியும் சில துண்டுகளை மட்டும், எடுத்துக்காட்டாக ஹெட்லைட்டுக்குப் போகும் கடைசி அரை அடியின் துணி உறையை, உருவியெடுத்துப் புது ஒயரின் மேல் மாட்டிக்கொள்ளலாம். நூல் பிரியாமலிருக்க வெட்டும் இடத்தில் முதலில் ஷெல்லாக் தடவி, ஒரு நாள் காயவிட்ட பிறகு வெட்டுங்கள்.